ஊசி போடாத டாக்டர்கள்!

தரமணியில் உப்பு தின்னும் நெல்லுக்கு வைத்தியம்

தாம்பரம்,
கிழக்கு தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி போகிற பஸ்ஸில் காலை 8 மணிக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மேடவாக்கம், பள்ளிக்கரணை தாண்டி, அங்கிருந்து தரமணிக்குப் போகிற கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் மட்டும் இல்லை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் தொற்றிக்கொண்டு போகிறார்கள்.

"டாக்டருக்குப் படிக்கிறேன்" என்று சொன்னால் போச்சு! பக்கத்து சீட்காரர் உடனே முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார். இவர்களுடைய நோயாளியோ நெற்பயிர். நோய், உப்பு.

போலீஸ் வேலை வேண்டாம்

தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988-ல் தொடங்கப்பட்டது. முந்தைய ஆண்டு, உலக உணவுப் பரிசு முதன்முதலாக சுவாமிநாதனுக்குத்தான் கிடைத்தது. அந்தப் பணத்தை முதலாகப் போட்டு இதை ஆரம்பித்தார். இங்கே ஆராய்ச்சி செய்பவர்களுக்கு பி.எச்டி. பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம்.

சுவாமிநாதன் கதையே ருசியானது. கும்பகோணத்தில் 1925-ல் பிறந்தவர். அப்பா ஆபரேஷன் செய்கிற டாக்டர். மகனும் மருத்துவம் படிப்பான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். 1943-ல் வங்காளத்துப் பஞ்சம் அவர் மனதை மாற்றியது. கோவை விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு ஐ.பி.எஸ். போலீஸ் அதிகாரி வேலைக்கும் தேர்வானார். அதை உதறிவிட்டு 1949-ல் உதவித்தொகையில் ஹாலந்து போனார். உருளைக்கிழங்கை ஆராய்ந்து 1952-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆக, டாக்டர் மகன் டாக்டராகத்தான் ஆனார்! 2023 செப்டம்பரில் சென்னையில் காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

மரத்தில் கரிக்கும் இலை

உப்பு தாம்பரத்துக்காரர்களுக்கும் தூரத்து விஷயம் இல்லை. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளங்களைப் பார்க்கலாம். திருவான்மியூரில் இருந்து தெற்கே கடலோரமாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நீர் உள்ளே வந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்ட வயல்களில் கடல் ஏறி நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. உப்பு நிலத்தில் தண்ணீர் நின்றாலும் நெல்லின் வேரால் அதை இழுக்க முடியாது. பயிர் தாகத்திலேயே கருகும்.

ஆனால் பிச்சாவரம், முத்துப்பேட்டை கழிமுகங்களில் அலையாத்தி மரங்கள் உப்புத் தண்ணீரிலேயே செழித்து நிற்கின்றன. ஒருவகை அலையாத்தியின் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். குடித்த உப்பை இலை வழியாக அது வெளியே தள்ளுகிறது.

அந்தச் சாமர்த்தியத்தை நெல்லுக்குக் கொடுத்தால் என்ன? 1990-களில் தரமணியில் இந்த வேலையை ஆரம்பித்தார்கள். விஞ்ஞானி அஜய் பரீடா அதை முன்னின்று நடத்தினார்.

மண்ணில் ஒரு லாரி டிரைவர்

அலையாத்தியின் ஆயிரக்கணக்கான ஜீன்களில் உபயோகமானது எது என்று சலிக்க வேண்டும். சலித்த ஜீனை நெல்லுக்குள் ஏற்ற ஒரு பாக்டீரியா இருக்கிறது. மண்ணில் வாழ்வது. செடிக்குள் தன் ஜீனை நைசாகத் திணித்துக் கட்டி வரவழைக்கிற போக்கிரி! கட்டி உண்டாக்கும் சரக்கை இறக்கிவிட்டு, நமக்கு வேண்டிய சரக்கை ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி பழையது, லோடு புதியது.

சொல்வது சுலபம். செய்து பார்த்தால் பத்தில் ஒன்பது கண்ணாடித் தட்டில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். தப்பித்த ஒன்று செடியாகி, பூத்து, விதை விட வேண்டும். அந்த விதையை மறுபடி விதைத்து, பேரன் பேத்திக்கும் குணம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நெல்லின் ஒரு தலைமுறைக்கு நாலு மாதம். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது.

2008-ல் வெளியான இவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று, அலையாத்தி ஜீன் ஏற்றிய பாசுமதி நெல்லைப் பற்றியது. லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் அந்தப் பயிர் எட்டு நாள் தாக்குப் பிடித்தது. பக்கத்தில் வைத்த சாதாரண நெல் வாடிப்போனது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த எட்டு நாளுக்குப் பின்னால் எத்தனை வருஷ உழைப்பு!

ஆறாவது வருஷம்

"என்னம்மா, இன்னுமா படிப்பு முடியலே?" என்று கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் பதில் புரியும்.

2022-ம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி பி.எச்டி. படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதல் சலுகை உண்டு. "நெட்" போன்ற தேர்வில் ஜெயித்து உதவித்தொகை பெற்றவருக்கு, 2023 ஜனவரியில் இருந்து முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37 ஆயிரம். அடுத்த 3 ஆண்டு ரூ.42 ஆயிரம். வீட்டு வாடகைப்படி தனி.

பணம் 5 ஆண்டோடு நின்றுவிடும். பயிர் அதற்குள் முடிந்தால் சரி. இல்லை என்றால் ஆறாவது வருஷம் கைக்காசுதான். அந்த 5 ஆண்டிலும் ஒன்றாம் தேதி வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் வராமல் போவது உண்டு. குரோம்பேட்டை வீட்டுக்காரர் வாடகைக்கு அதைக் காரணமாக ஒப்புக்கொள்வாரா? தேர்வில் ஜெயிக்காமல் புராஜெக்டில் சேர்ந்தவர் பாடு இன்னும் மோசம். புராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் முடிந்தது.

வயலுக்கு வராத நெல்

சரி, அந்த நெல் எங்கே? கடையில் இல்லை, வயலிலும் இல்லை. வேறு உயிரின் ஜீன் ஏற்றிய பயிர்களில், இந்திய விவசாயிகள் விற்பனைக்குப் பயிரிட அனுமதி பெற்று வயலுக்கு வந்தது 2002-ல் பி.டி. பருத்தி மட்டும்தான். பி.டி. கத்தரிக்காயை மத்திய அரசு 2010-ல் நிறுத்தி வைத்தது. விதை கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும், சாப்பிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தை லேசாக ஒதுக்க முடியாது. இளமையை அதில் போட்டவருக்கு யார் பதில் சொல்வது என்பதும் நியாயமான கேள்விதான்.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நெல்லின் சொந்த ஜீனிலேயே ஓர் இடத்தைக் கத்தரித்துச் சீர்செய்கிற முறை வந்துவிட்டது. வேறு ஜீன் சேராத இப்படிப்பட்ட பயிர்களுக்கு 2022-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. 2025 மே மாதம் டெல்லியில் இந்த வகையில் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்றான "பூசா டி.எஸ்.டி. ரைஸ்-1" உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்கென்றே உருவானது. புதிதாகச் சேருகிற மாணவர்களின் கண் இந்தக் கத்தரியின் மேல்தான்.

ஆராய்ச்சி முடிந்து, நிபுணர்கள் எதிரில் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறினால் அன்று மாலை டீ, சமோசா, கைதட்டல். பெயருக்கு முன்னால் "டாக்டர்" ஏறிவிடும். மறுநாள் வேலை தேடல். காலேஜ் லெக்சரர் வேலை, விவசாய விஞ்ஞானி தேர்வு, விதை கம்பெனி, இல்லாவிட்டால் வெளிநாட்டில் இரண்டு வருஷம். சொந்தத் தொழில் என்றால் பெண்களுக்கு சிறுசேரியில் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது.

அவர் விட்டுப்போன குழாய்கள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருக்கும். மேலே அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அடுத்த பஸ்ஸில் வருகிற மாணவி அதைப் படித்துப் பார்த்து, விட்ட இடத்தில் தொடங்குவார்.