இரண்டு பக்கெட் வெந்நீர்!

போன மார்கழியில் போளூரில் பஸ் பிடித்து ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூரைத் தாண்டி நண்பனின் ஊர். காலையில் மங்கி குல்லாவையும் மீறிக் காது விறைத்தது. கூச்சமே இல்லாமல் இரண்டு பக்கெட் வெந்நீர் வாங்கிக் குளித்தேன்.

குளித்து முடித்ததும் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. டென்மார்க்கில் ஊருக்கே பொதுவாகப் பெரிய பாய்லர் வைத்து, குழாயில் வீட்டுக்கு வீடு வெந்நீர் அனுப்புகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இப்படித்தான் சூடு வருகிறது. இங்கேயும் வைத்தால்? ஊருக்கு எவ்வளவு சூடு தேவை என்று முதலில் கணக்குப் போடணும். இதே மலையில் இருக்கும் காவலூர் டெலஸ்கோப், 1977-ல் யுரேனஸ் வளையத்தின் அடையாளத்தையே பதிவு செய்திருக்கிறது. அடுப்புக் கணக்கு வராதா என்ன?

அங்கே சுவர் கனத்தையும் குளிர் நாட்களையும் பார்ப்பார்கள். நம்ம மலையில் வீட்டைச் சூடாக்க வேண்டாம், கம்பளி போதும். சோறும் குளியலும்தான் செலவு. 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற 400 கிலோ கலோரி தேவை. ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 3,500 இருக்கிறது. 'அட, கால் கிலோகூட வேண்டாமே!' என்று குதிக்காதீர்கள். மூன்று கல் அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது பத்தில் ஒரு பங்குதான். மீதி புகையாகவும் காற்றோடும் போய்விடும். ஆக, பக்கெட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே விறகு.

அப்போதுதான் நண்பனின் அம்மா தலையில் கட்டோடு வந்து இறங்கினார். என்னுடைய இரண்டு பக்கெட்டும் அந்தத் தலைமேல் வந்த விறகு! காஸ் சிலிண்டர் இருக்கிறது. ஆனால் அது டீக்கும் விருந்தாளிக்கும்.

"ஊருக்கே குழாயில சுடுதண்ணி வந்தா எப்படிம்மா இருக்கும்?" என்றேன்.

"மொதல்ல பச்சத் தண்ணி ஒழுங்கா வரட்டும் தம்பி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

கர்நாடகாவில், தும்கூர் மாவட்டத்தில் புரா என்று ஒரு கிராமம். எழுபதுகளின் கடைசியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அமுல்யா ரெட்டியின் குழு அங்கே வீடு வீடாகப் போய் இந்தக் கணக்கைத்தான் எடுத்தது. 357 பேர், 56 குடும்பம். ஒரு குடும்பத்துக்குத் தினம் சுமார் 10 கிலோ விறகு. அதைப் பொறுக்க 2.6 மணி நேரம், 4.8 கிலோமீட்டர் நடை. கலோரியோடு காலையும் நேரத்தையும் அளந்த அந்தப் புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கணக்கு முடிந்ததும், ஊர்ச் சாணத்தை ஒரே இடத்தில் போட்டுச் சமையலுக்குப் பொதுவாக காஸ் கொடுக்கப் பார்த்தார்கள். போதவில்லை! ஒரு கன மீட்டர் காஸுக்கு சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். ஐந்து பேர் சமையலுக்கு இரண்டு கன மீட்டர், அதாவது 50 கிலோ. நாட்டு மாடு நாளைக்குப் பத்து கிலோ போட்டாலே பெரிசு. அதிலும் பாதி மேய்ச்சல் காட்டோடு போய்விடும்.

ஊர்க்காரர்களுக்கும் அவசரம் வேறாக இருந்தது. குடிதண்ணீர். 1987-ல் அதே காஸை இன்ஜினுக்குத் திருப்பி, கரண்ட் எடுத்து, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தெருக் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றினார்கள். வீடுகளில் டியூப் லைட் எரிந்தது. சாணம் கொண்டுவந்து கொடுத்தால் கிலோவுக்கு 2 பைசா கூலி, எருவும் திரும்பக் கிடைத்தது. சமையல் மட்டும் விறகடுப்பிலேயே தொடர்ந்தது.

மறுநாள் நான் ஒரு பக்கெட்டோடு நிறுத்திக்கொண்டேன். அதுவும் பாதிதான்.