உங்களுக்குத் தெரியுமா? எகிப்தில் ஒரு கிரேக்கப் போப்!

போப் என்றால் ரோம் மட்டுமல்ல. எகிப்தின் அலெக்சாந்திரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேக்க மரபுவழித் திருச்சபைத் தலைவரும் போப்தான். அவருடைய ஆளுகை ஆப்பிரிக்கா முழுவதும்! அந்நகர ஆயரை 3ஆம் நூற்றாண்டிலேயே அப்படி அழைத்திருக்கிறார்கள். (எகிப்தியக் கிறித்தவர்களின் காப்டிக் திருச்சபைக்குத் தனி போப் இருக்கிறார்; குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எகிப்தில் வாழ்ந்த கிரேக்கர்களைப் பற்றி இன்னும் சில:

• 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் பளிங்கு அரங்கைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தவர், அலெக்சாந்திரியாவில் வணிகம் செய்த கிரேக்கர் அவெரோஃப்.

• எகிப்து அதிபர் நாசர் காலத்தில் தொழில்கள் அரசுடைமையாயின. அங்கிருந்த கிரேக்கர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டினர்.

• கிரேக்கக் கவிஞர் கவாஃபி 1863 ஏப்ரல் 29 அன்று பிறந்தார். 1933இல் அதே தேதியில் மறைந்தார். இரண்டும் அலெக்சாந்திரியாவில்தான். பிழைப்புக்கு நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.