செல்போனில் படம், வீடியோ அனுப்ப எந்த ‘ஆப்’ நல்லது? கண்டதை டவுன்லோடு செய்தால் பேங்க் பணம் காலி!

சென்னை:-

கல்யாண வீட்டு போட்டோ, பிள்ளைகளின் ஆண்டு விழா வீடியோ, கோவில் திருவிழா கச்சேரி... ஒருவர் செல்போனில் இருப்பதை இன்னொருவர் செல்போனுக்கு மாற்றிக் கொள்வது இப்போது தினசரி வேலையாகி விட்டது. ‘அண்ணே, அதை அப்படியே எனக்கும் ஏத்தி விடுங்க’ என்று கேட்காத ஆளே கிடையாது.

ஆனால் எதில் அனுப்புவது என்பதில்தான் குழப்பம். ‘ஷேர்இட் போடு’ என்கிறார் ஒருவர். ‘வாட்ஸ்அப்பில் தட்டி விடு’ என்கிறார் இன்னொருவர். ‘புளூடூத்தே போதும்பா’ என்கிறார் மூன்றாவது ஆள். இதில் எது வேகம், எது செலவு, எது ஆபத்து? விவரம் வருமாறு:-

புளூடூத்: ஆமை வேகம்

பட்டன் போன் காலத்தில் இருந்தே கூட வருவது புளூடூத். தனி ஆப் வேண்டாம், நெட் வேண்டாம். ஒன்றிரண்டு போட்டோ, ஒரு பாட்டு அனுப்ப இதுவே போதும்.

பெரிய வீடியோ என்றால் கதை வேறு. ஒரு ஜி.பி. அளவுள்ள வீடியோவை புளூடூத்தில் அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி விடும். நடுவில் யாராவது போனை எடுத்துக்கொண்டு தூரமாக நகர்ந்தால் அதுவும் அறுந்து விடும். மறுபடி முதலில் இருந்து அனுப்ப வேண்டியதுதான்.

வாட்ஸ்அப்: நெட் ஓடி விடும்

வாட்ஸ்அப்பில் அனுப்புவது சுலபம். ஆள் துபாயில் இருந்தாலும் போய் சேரும். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அனுப்பினாலும் அது இன்டர்நெட் வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போகும். ஒரு ஜி.பி. பைல் அனுப்பினால் அனுப்புகிறவர் கணக்கில் ஒரு ஜி.பி., வாங்குகிறவர் கணக்கில் ஒரு ஜி.பி. என்று மொத்தம் 2 ஜி.பி. காலி. தினமும் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவருக்கு அன்றைய நெட் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்.

இன்னொரு விஷயம். சாதாரணமாக அனுப்பும் போட்டோவை வாட்ஸ்அப் சுருக்கி விடும். பிரேம் போட பிரிண்ட் எடுத்தால் முகம் மங்கலாக தெரியும். தரம் குறையாமல் போக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்ற இடத்தை தொட்டு அனுப்ப வேண்டும். அந்த முறையில் 2 ஜி.பி. வரை ஒரே பைலாக அனுப்பலாம்.

ஷேர்இட், ஜென்டர் என்ன ஆச்சு?

ஒரு காலத்தில் ஷேர்இட், ஜென்டர் இல்லாத போனே கிடையாது. இவை ஒரு போனை வை-பை நிலையமாக மாற்றி, இன்னொரு போனை அதில் நேரடியாக சேர்த்து விடும். நெட் செலவு இல்லை. முழு சினிமாவே சில நிமிடங்களில் மாறி விடும்.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீன படைகள் மோதிக்கொண்டதில் நமது வீரர்கள் 20 பேர் வீரமரணம் அடைந்தனர். அதன்பிறகு ஜூன் 29-ந்தேதி சீனாவுடன் தொடர்புடைய 59 ஆப்களுக்கு மத்திய அரசு தடை விதித்தது. தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது. டிக்டாக், யூசி பிரவுசரோடு ஷேர்இட், ஜென்டர் இரண்டும் அந்த பட்டியலில் சிக்கின.

அதோடு முடியவில்லை. 2021 பிப்ரவரியில் டிரெண்ட் மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் ஒரு குண்டை தூக்கிப் போட்டது. ஷேர்இட்டின் ஆண்ட்ராய்டு ஆப்பில் இருந்த ஓட்டைகள் வழியாக, போனில் உள்ள தகவல்களை வேறு ஆட்கள் திருட முடியும் என்று அது அறிவித்தது. அதன்பிறகு ஓட்டைகளை அடைத்து விட்டதாக ஷேர்இட் நிறுவனம் கூறியது. ஆனால் யாரோ பழைய போனில் வைத்திருக்கும் பழைய ஷேர்இட்டை வாங்கி ஏற்றினால், அந்த ஓட்டையும் சேர்ந்தே வரும் என்பது குறிப்பிடத்தக்கது.

போனிலேயே இருக்கு குயிக் ஷேர்

பலருக்கும் தெரியாத சமாச்சாரம் இதுதான். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் எதையும் டவுன்லோடு செய்யவே தேவையில்லை. கூகுள் நிறுவனம் 2020 ஆகஸ்டில் ‘நியர்பை ஷேர்’ என்ற வசதியை கொண்டு வந்தது. 2024-ல் அது சாம்சங்கின் குயிக் ஷேருடன் ஒன்றாகி, ‘குயிக் ஷேர்’ என்ற ஒரே பெயருக்கு மாறியது.

இது புளூடூத்தில் பக்கத்து போனை கண்டுபிடிக்கும். பிறகு வை-பை வேகத்தில் பைலை தள்ளி விடும். நெட் பேக் செலவாகாது. விளம்பரமும் கிடையாது.

அனுப்புகிறவர் போட்டோவை திறந்து ‘ஷேர்’ பட்டனை தொட்டு, குயிக் ஷேரை தேர்வு செய்ய வேண்டும். பக்கத்தில் உள்ள போனின் பெயர் தெரியும். அதை தொட்டால் எதிர் போனில் ‘ஏற்கிறீர்களா?’ என்று கேட்கும். அவர் சம்மதித்தால்தான் பைல் போகும். பெயர் தெரியவில்லையா? வாங்குகிறவர் செட்டிங்சில் உள்ள தேடல் பெட்டியில் குயிக் ஷேர் என்று தேடி, ‘எல்லோருக்கும்’ என்று மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் ‘தெரிந்தவர்களுக்கு மட்டும்’ என்று திருப்பி வைத்து விடுவது நல்லது. இல்லையென்றால் பஸ்சிலும் ரெயிலிலும் முன்பின் தெரியாதவர் கண்ட படத்தை அனுப்பி தொல்லை கொடுக்கலாம்.

ஐபோன்காரர்களுக்கு?

ஐபோனில் 2013-ல் இருந்தே ‘ஏர்டிராப்’ இருக்கிறது. ஐபோனுக்கு ஐபோன் அனுப்ப இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் மட்டும் பல வருடமாக ஏழாம் பொருத்தம். 2025 நவம்பரில்தான் குயிக் ஷேரில் இருந்து ஏர்டிராப்புக்கு அனுப்பும் வசதியை கூகுள் தனது பிக்சல் 10 வரிசை போன்களில் முதலில் கொண்டு வந்தது.

அந்த வசதி இல்லாத போனுக்கும் வழி இருக்கிறது. ‘லோக்கல்சென்ட்’ என்ற இலவச ஆப் ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர் மூன்றிலும் வேலை செய்யும். இரண்டு பேரும் ஒரே வை-பையில் இருக்க வேண்டும். வீட்டில் வை-பை இல்லாவிட்டால் ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றவர் அதில் சேர்ந்தால் போதும். பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் இருந்து மட்டும் இதை இறக்க வேண்டும்.

போலி ஆப்: உஷார்!

இங்குதான் மோசடிக்காரர்கள் வலை விரிக்கிறார்கள். தடை செய்த ஆப் வேண்டும் என்று தேடினால், ‘இங்கே தொட்டால் டவுன்லோடு ஆகும்’ என்று ஏகப்பட்ட இடங்கள் வரும். அங்கே கிடைப்பது ‘ஏபிகே’ என்ற பைல். பிளே ஸ்டோரின் சோதனையை தாண்டாமல், கொல்லைப்புறம் வழியாக போனுக்குள் நுழையும் சரக்கு இது. கல்யாண பத்திரிகை, டிராபிக் அபராத சலான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வந்து பணத்தை சுருட்டுவதும் இதே ஏபிகே பைல்தான்.

நல்ல ஆப்பா, திருட்டு ஆப்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். பைல் அனுப்பும் ஆப், உங்கள் போட்டோ, பைல், புளூடூத், வை-பை ஆகியவற்றை கேட்பது நியாயம். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி எதற்கு? பேங்கில் இருந்து வரும் ஓ.டி.பி.யை எட்டிப்பார்க்கத்தான். ‘அக்சசிபிலிட்டி’ அனுமதி கேட்டால் இன்னும் மோசம். அதை கொடுத்து விட்டால், திரையில் தெரிவதை எல்லாம் அந்த ஆப் பார்க்கும். உங்களுக்கு பதிலாக அதுவே பட்டனையும் அழுத்தும்.

சந்தேகம் வந்தால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தை தொட்டு, ‘பிளே புரொடெக்ட்’ பகுதிக்கு போய் போனை ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

பணம் போனால் என்ன செய்வது?

தெரியாமல் ஏற்றி விட்டீர்களா? உடனே போனில் நெட்டையும் வை-பையையும் அணைத்து விடுங்கள். வேறு போனில் இருந்து பேங்குக்கு பேசி கணக்கை முடக்க சொல்லுங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். மத்திய அரசின் சைபர் குற்ற புகார் இணையதளத்திலும் புகாரை பதிவு செய்யலாம். ‘நாளைக்கு பாத்துக்கலாம்’ என்று விட்டால், பணம் கணக்கு விட்டு கணக்கு தாவி விடும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு அதிகம்.