குளத்து மீனும் குடிநெருக்கமும்

தமிழாசிரியர் மீனைப் பற்றி எழுதப் புகுவதேன் என்று பழைய மாணவ அன்பர்கள் வியக்கக்கூடும். சிறுவன் ஒருவன் தொடுத்த வினாவே காரணம். பாடசாலை முற்றத்துச் சீமெந்துத் தொட்டியிற் பத்துக் கெண்டைக் குஞ்சுகள் நலமே வளர்ந்துவந்தன. அழகு கருதி, மேலும் முப்பது குஞ்சுகளை வாங்கி விட்டவர் நாமே. சில நாட்களின் பின் ஒரு விடியற்காலையில் மீன்களெல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏழு மீன்கள் இறந்து மிதந்தன. "ஐயா, தண்ணீருக்குள்ளே இருக்கிற மீனுக்கும் மூச்சு முட்டுமா?" என்றான் அவன்.

முட்டும் என்பதே விடை. மீன் சுவாசிப்பது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை. அதுவோ மிகச் சிறிதளவினது. கடல்மட்டத்தில் 15 பாகைச் செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் அடங்கும். 30 பாகையில் ஏழரையே. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றழுத்தம் குறைவாதலால், அந்தப் பத்தும் எட்டளவாகக் குறைந்துவிடுகின்றது. பகலில் ஒட்சிசனை வெளிவிடும் பாசியும் இரவில் மீனோடு சேர்ந்து அதனை உட்கொள்ளும். ஆகவேதான் விடியற்பொழுது மீனுக்கு இடர்ப்பொழுதாகின்றது.

மூச்சோடு துன்பம் முடிவதில்லை. மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகின்றது. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகி அந்நஞ்சையே பெருக்கும். அதனாற் செவுள் புண்படும். ஒன்றோடொன்று உரசிச் செட்டை சிதையும். ஓயாத உளைச்சலால் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். ஒரு மீனைப் பற்றிய நோய் விரைவிலே தொட்டி முழுவதும் பரவும்.

எனினும், எண்ணிக்கை ஒன்றையே குற்றஞ்சொல்லல் தகாது. ஓடும் நீர் தாங்குமளவு மீனைத் தேங்கிய நீர் தாங்காது. சில இனங்களில் மீன் மிகக் குறைந்தாலும் தீங்குண்டு: வலியது ஒன்று தொட்டியைத் தன் ஆட்சிப்புலமாக்கிக்கொண்டு ஏனையவற்றைத் துரத்திக் கடிக்கும். டிரவுட், திலாப்பியா ஆகியவற்றில் இவ்வியல்பைக் காணலாம். ஆதலின் இடம், நீரின் தூய்மை, இனத்தின் இயல்பு என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்கல் வேண்டும்.

டிரவுட் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. 1880களில் ஆங்கிலேயர் அதன் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து நுவரெலியாப் பகுதி ஓடைகளில் வளர்க்கத் தலைப்பட்டனர். அம்மீனினத்தை ஆராய்ந்தே, மீன் நோவை உணர்தற்குரிய நரம்புமுனைகளை உடையதென்று லின் சினெடன் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2003இல் ஸ்கொத்லாந்திலிருந்து அறிவித்தனர். உதட்டிலே எரிச்சலூட்டும் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைப் பரற்கல்லில் உரசின. நெடுநேரம் இரை கொள்ளவில்லை. நோர்வே நாட்டுச் சட்டமோ, கடற்கூடுகளில் வளர்க்கும் சமன் மீன் ஒரு கனமீற்றர் நீருக்கு 25 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என விதிக்கின்றது. ஒரு கனமீற்றர் நீரின் நிறை 1,000 கிலோகிராம் என்பதை நினைக்க, அவ்வரம்பின் கருத்து விளங்கும்.

இன்று தோட்டப்புறங்களிற் சிறு குளம் அமைத்து மீன் வளர்க்க விழையும் நம் பழைய மாணவர்களுக்கு ஒரு சொல்: விடியலிற் குளக்கரைக்குச் சென்று பாருங்கள். மீன் மேலே வந்து வாய் பிளக்கின்றதா? இரையை வெறுக்கின்றதா? செட்டை கிழிந்துள்ளதா? ஆமெனின், இரையை நிறுத்துங்கள். புதுநீரை உயரத்திலிருந்து விழச் செய்யுங்கள். மீனைப் பிரித்து விடுங்கள். நெருக்கிச் சேர்த்த ஊதியம் ஓரிரவில் மிதந்துவிடும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை ஒன்றாய் உறங்கிய நம் மக்களுக்கு, நெருக்கம் இன்னதென்று ஏடு பார்த்து அறிய வேண்டியதில்லை. ஒருவர் இருமல் மறுநாள் அனைவர் இருமலாகும் என்பதும், இடமின்மையாற் பிறந்த சச்சரவுக்கு யார்மீதும் குற்றமில்லை என்பதும் நாம் பட்டறிந்தவை. நாம் பட்டதை வாயற்ற உயிருக்கு நாமே செய்தல் அறமாகாது.

எஞ்சிய மீன்களிற் பன்னிரண்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பெரிய தொட்டியுடைய நண்பரிடம் ஒப்படைத்தோம். வினாவிய சிறுவனே இப்பொழுது காலைதோறும் தொட்டியைப் பார்த்து வருகின்றான்.