நன்செய்யும் பருத்தியும்: திருச்சி வழியே அமெரிக்க உள்நாட்டுப் போர்

1860-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அநேகமாக எல்லாரும் தெற்கு மாநிலங்களில். வடக்கே இருந்தவர்கள் மனசாட்சி உள்ளவர்கள், தெற்கே இருந்தவர்கள் கொடியவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால் நியூயார்க்கிலேயே அடிமை முறை 1827-இல்தான் முடிந்தது. 1793-இல் வந்த பருத்தி விதை நீக்கும் எந்திரம் தெற்கில் பருத்தியைப் பெரும் பணப்பயிராக்கியது. பருத்தி வளர வளர அடிமை முறையும் வளர்ந்தது. மக்களின் குணத்தைவிட மண்ணும் பயிரும் இலாபமுமே இந்தப் பிரிவினையை விளக்குகின்றன. இதை உணர்ந்துகொள்ள நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள்ளேயே அப்படி ஒரு பிரிவினைக் கோடு ஓடியது.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகின்றன. அந்த ஆற்றோரமும் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் நிலமும் நன்செய். வடக்கே பெரம்பலூர்ப் பக்கமும் தெற்கே மணப்பாறைப் பக்கமும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் விளையும் புன்செய்யில் பெரும்பாலும் குடும்பமே உழுதது, குடும்பமே அறுத்தது. நெல் வயல் அப்படியல்ல. நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் அறுக்கவும் உரிய நாளில் ஆள் கூட்டமாக வந்தாக வேண்டும். நிலத்துக்கு உரிய மிராசுதார்களில் பலர் ஏர் பிடிக்காதவர்கள். எனவே பள்ளர், பறையர் சமூக மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையோடு கட்டிப்போடப்பட்டார்கள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகும் வைக்கப்பட்டார்கள்.

அமெரிக்க அடிமை முறை நிறத்தை வைத்து எழுந்தது. மனிதர்களை ஏலம் போட்டுக் குடும்பத்தைப் பிரித்து நெடுந்தூரம் கொண்டுபோனது. நம்மூர்ப் பண்ணையாள் தன் ஊரிலேயே இருந்தார், களத்தில் அவருக்கும் பங்கு கிடைத்தது, இரண்டையும் ஒன்றென்பது தவறு என்று சிலர் வாதிடுவார்கள். வேறுபாடு உண்மைதான். ஆனால் ஊரைவிட்டுப் போக உரிமை இல்லாதவருக்கு ஊரிலேயே இருப்பதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் கோடு மாநில எல்லையில் விழுந்தது. அதனால் அது அரசியலாயிற்று. ஆலைகள் பெருகிய வடக்கு இறக்குமதிக்குக் காப்பு வரி கேட்டது. பருத்தி ஏற்றுமதி செய்த தெற்கு அதை எதிர்த்தது. புதிதாகச் சேரும் மாநிலங்களில் அடிமை முறை இருக்கலாமா என்ற சண்டை 1820-இல் மிசூரி உடன்பாட்டாலும் தீரவில்லை, 1854-இல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தாலும் தீரவில்லை. பின்னர் மூண்ட உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமை முறையல்ல, மாநில உரிமைதான் என்போர் இன்றும் உண்டு. ஆனால் 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும்படி மத்தியச் சட்டம் வட மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியபோது, தெற்கு மாநில உரிமை பேசவில்லை. அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியதே தெற்குதான். 1860 டிசம்பரில் பிரிந்துபோன தென் கரோலினாவின் அறிக்கையும் அடிமை முறையையே காரணமாக முன்வைத்தது.

திருச்சியில் கோடு ஒரே மாவட்டத்துக்குள், ஒரே கலெக்டரின் கச்சேரிக்குக் கீழே விழுந்தது. அடிமைகள் குறைவாக இருந்த புன்செய்ப் பகுதிக்கு எதிர்த்துப் பேச ஒரு சட்டசபை இல்லை. நன்செய் வரியோ அப்போது ஆண்ட கிழக்கிந்தியக் கும்பினியின் உயிர்நாடி. வருவாய் வாரியம் 1819-இல் அடிமை முறை பற்றி விசாரித்தபோது கலெக்டர் லஷிங்டன் அனுப்பிய பதிலின் சாரம் இது: நன்செய் ஊர்கள் பல பிராமண மிராசுதார்களிடம் உள்ளன, அவர்கள் சாதி வழக்கப்படி உழமாட்டார்கள், பண்ணை ஆட்களை விடுவித்தால் அரசின் வருமானம் கெடும். அமெரிக்கத் தெற்கின் பருத்தி முதலாளிகள் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு அதிக தூரம் தெரியவில்லை. 1833-இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபோது கும்பினி ஆட்சிப் பகுதிகளை விட்டுவைத்ததற்கும் இந்தக் கணக்கோடு தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

அங்கே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்து வந்த விடுதலை, இங்கே 1843-இன் 5-ஆம் சட்டத்தால் சத்தமில்லாமல் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அந்தச் சட்டம் யாரையும் அழைத்து நீ விடுதலை பெற்றாய் என்று சொல்லவில்லை. அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது, வரி பாக்கிக்கு அடிமையை விற்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். அடிமை வைத்திருப்போரைத் தண்டிக்க 1862-இல் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வர வேண்டியிருந்தது. நிலம் யாருக்கும் வரவில்லை. போருக்குப் பின் அமெரிக்கத் தெற்கிலும் அதுவே நடந்தது. கறுப்பின மக்களில் மிகப் பலர் குத்தகை வாரத்திலும் கடனிலும் மாட்டிக்கொண்டார்கள். இங்கே கடனோடு கப்பலும் சேர்ந்துகொண்டது. 1904-இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கமிஷன் தன் தலைமையகத்தைத் திருச்சியில்தான் வைத்தது. ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறியது. அந்தக் கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாதபடி செய்த துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது.