பழைய காருக்குள் டிஜிட்டல் வானொலி

2017 ஜனவரி 11 அன்று நோர்வேயின் நூர்லாந்த் மாகாணத்தில் தேசிய வானொலிகளின் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தினார்கள். அங்கே தொடங்கி வட்டாரம் வட்டாரமாக நகர்ந்து, டிசம்பர் 13-இல் நாடு முழுவதும் முடித்தார்கள். சிறிய உள்ளூர் நிலையங்கள் பல மட்டும் எஃப்எம்மிலேயே தங்கின. வீட்டில் வேறு ரேடியோ வாங்கி வைத்தால் தீர்ந்தது. ஆனால் பழைய காரில் ரேடியோ டேஷ்போர்டோடு சேர்ந்தே வந்தது. அதற்கு, டிஏபி பிளஸ் என்னும் டிஜிட்டல் ஒலிபரப்பைப் பிடிக்கும் அடாப்டர்தான் வழி.

வாங்குமுன் ரேடியோ மெனுவைப் பாருங்கள். அதில் டிஏபி பிளஸ் இருந்தால் செலவே இல்லை. இல்லாவிட்டால் ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒயர் செருகுவதே நல்லது. காலி எஃப்எம் அலைவரிசை வழியாக ஒலியை அனுப்பும் அடாப்டரும் உண்டு. ஆனால் நகருக்குள் வேறு நிலையம் குறுக்கே வந்துவிடும்.

வேலையின் உயிர் ஆன்டெனாவில் இருக்கிறது. முன்கண்ணாடியின் உட்புறம், மேல் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள். குளிர்காலம் என்றால் ஹீட்டரைப் போட்டுக் கண்ணாடி வெதுவெதுப்பான பிறகே ஆன்டெனாவை ஒட்டுங்கள். வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி சிக்னலையும் தடுத்துவிடும். அந்தக் காருக்குக் கூரை ஆன்டெனாதான் சரி.

ஆன்டெனாவோடு கட்டைவிரல் அகலத்தில் ஓர் உலோகத் தகடு தொங்கும். கண்ணாடி ஓரத் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் உலோகத்தில் அதை அழுத்தி ஒட்ட வேண்டும். இதுதான் எர்த். முதல் தடவை நான் இதை விட்டுவிட்டேன். ஊருக்குள் நன்றாகவே பாடியது. ஊர் எல்லை தாண்டியதும் செய்தியின் நடுவில் குரல் பட்டென்று அறுந்தது. எஃப்எம் என்றால் இரைந்து இரைந்து மங்கும், டிஜிட்டலில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. தகட்டை ஒட்டியதும் அதே சாலையில் குரல் அறுபடவில்லை.

தூணுக்குள் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் விபத்தில் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும். கை பழகாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, காரை வெட்டவெளியில் நிறுத்தி ஸ்கேன் செய்யுங்கள். சுமார் 1.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைத்தொகுதியில் பல நிலையங்கள் சேர்ந்து வருவதால், எண்ணைத் திருகித் தேட வேண்டியதில்லை. திரையில் பெயர்கள் வரிசையாக நிற்கும். போக்குவரத்து அறிவிப்பையும் ஆன் செய்துவிட்டு, நீங்கள் தினமும் போகும் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் அடாப்டரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புமுன் அந்தத் தகட்டைப் பாருங்கள்.