அலுமினியத்தில் பெயின்ட் ஏன் உரிகிறது?

சைக்கிள் கேரியருக்கு அடித்த பெயின்ட், நாலு மழையில் பாம்புச் சட்டை போல உரிந்து வந்தால் குற்றம் பெயின்டில் இல்லை. காற்றுப் பட்டதுமே அலுமினியம் ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். அதன்மேல் நம் விரல் எண்ணெய் வேறு. பெயின்ட் எதைப் பிடித்து நிற்கும்?

பாத்திர சோப்பால் பிசுக்கை எடுத்துவிட்டு, 320 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம்; அதன் துணுக்குகள் பதிந்து, ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். கழுவித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. விரித்த துணியாகப் பரவினால் சுத்தம்.

உலர்ந்ததும் தாமதிக்காமல் எட்ச் பிரைமரை மெல்லிசாக அடியுங்கள். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் மேற்பரப்பை லேசாக அரித்து, பெயின்டுக்குப் பிடிமானம் தருகிறது. வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமரின் புகை நெஞ்சுக்கு ஆகாது.